ரயிலை நிறுத்துங்கள், ஆனால் பயணியை நடுவழியில் விடாதீர்கள்

சென்னையின் தெற்குப் பாதையில் நான்கைந்து வருடமாக ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. எழும்பூரில் புது நிலையம், தாம்பரத்தில் யார்டு (நிலையத்தை ஒட்டித் தண்டவாளங்கள் பல கிளையாகப் பிரியும் இடம்) மாற்றம், கிளாம்பாக்கத்தில் புதிதாக ஒரு நிலையம், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது லைன். எல்லாமே நடக்க வேண்டிய வேலைகள். எழும்பூர் நிலையம் 1908-ல் திறந்தது. அன்றைய ஊருக்குக் கட்டிய இடத்தில் இன்றைய கூட்டத்தை அடக்க முடியாது. 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து நிலையங்களில் மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரியோடு எழும்பூரும் ஒன்று. எழும்பூருக்கு மட்டும் சுமார் 735 கோடி ரூபாய் திட்டம். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை நடக்கும் மாதங்களில் பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரயிலை நிறுத்தாமல் யார்டு வேலை செய்ய முடியாது. 'ராத்திரியில் செய்யக் கூடாதா, இரண்டு நாளில் முடிக்கக் கூடாதா' என்று பிளாட்பாரத்தில் நின்று திட்டுகிறோம். அந்த வேலை என்ன என்று தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம். ஒரு சந்திப்பில் வண்டி எந்தத் தண்டவாளத்தில் திரும்ப வேண்டும் என்பதைப் பாயிண்ட் என்கிற நகரும் தண்டவாளத் துண்டுதான் முடிவு செய்கிறது. பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் விழும். அதே பாதை அந்த நேரத்தில் இன்னொரு வண்டிக்குக் கிடைக்காது. இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். புதிதாக ஒரு லைனோ நடைமேடையோ சேரும்போது இந்த ஏற்பாட்டைக் கழற்றி, மாற்றி, ஒவ்வொரு பாதையையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட அந்த நாட்களின் வேலையை ரயில்வேக்காரர்கள் 'என்.ஐ. வேலை' என்பார்கள், நான்-இன்டர்லாக்கிங், அதாவது இன்டர்லாக்கிங் இல்லாமல் நடக்கும் வேலை. அப்போது பாயிண்டைக் கையால் திருப்பி, கிளாம்ப் மாட்டி, பூட்டுப் போட்டு, கொடி காட்டித்தான் வண்டியை மெதுவாக உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் இதே வேலை. மழையானாலும் வெயிலானாலும் தண்டவாள ஓரத்தில் நிற்கிற பாயிண்ட்ஸ்மேனை நம்பித்தான் உள்ளே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் அவசரம் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர் பாதைக்குப் பச்சை விழுந்தது. பாயிண்ட்டோ பக்கத்தில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. உள்ளே நின்ற சரக்கு ரயிலில் மோதி 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நடந்த தவறுகளைத்தான் விசாரணை சுட்டிக்காட்டியது. அதனால் எஞ்சினியர்கள் இருபது நாள் கேட்டால் இருபது நாள் கொடுக்க வேண்டும், கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். நேரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் அவர்களை நெருக்கக் கூடாது.

அப்புறம் பிரச்சினை எங்கே என்றால், அந்த நாட்களில் நமக்காகச் செய்யப்படும் ஏற்பாட்டில்தான்.

2024 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 14 வரை தாம்பரம் யார்டு வேலை என்று அறிவித்தார்கள். அது ஆகஸ்ட் 18 வரை நீண்டது. மின்சார ரயில்கள் ஏராளமாக ரத்தாயின. ஒரு பக்கம் கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரை, மறுபக்கம் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை என்று சிறப்பு ரயில்கள் ஓடின. நடுவில் இருக்கும் குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கத்துக்காரர்கள் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தாக வேண்டும். மாநகரப் பேருந்துகள் கூடுதலாக விட்டார்கள், மெட்ரோவும் கூடுதலாக ஓடியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மின்சார ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் ஒரு பேருந்தில் ஏறாது, பத்துப் பேருந்திலும் ஏறாது. அதுவும் ஜி.எஸ்.டி. சாலையில், காலை எட்டரை மணிக்கு. கையில் ரயில் சீசன் இருந்தாலும் பேருந்தில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். நிறுத்தியது ரயிலை, செலவு பயணிக்கு என்பது எந்தக் கணக்கில் நியாயம்?

தாம்பரமாவது நான்கு வாரத்தில் முடிந்தது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிப் பக்கம் போகும் பறக்கும் ரயில் கதைதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நான்காவது லைன் வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். சொன்னது ஏழு மாதம். திரும்ப ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29-ல், பதினான்கு மாதம் கழித்து. வரைபடத்தில் பார்த்தால் துண்டிக்கப்பட்டது நாலே கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நாலு கிலோமீட்டரில்தான் கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் மூன்றும் இருக்கின்றன. பாரிமுனைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், உயர்நீதிமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் போகிறவர்கள், சென்ட்ரலில் ரயில் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் போக வேண்டிய இடமே அதுதான். வேளச்சேரியிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் வருகிறவருக்குக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மீதி ரயில் ஓடுகிறது என்றால், அவருக்கு அது பாதிப் பயணம் இல்லை. பயணமே இல்லை.

இதில் ஜி.எச். போகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூங்கா நகரில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. வெளிநோயாளி சீட்டு வாங்கக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, அந்த உயரமான படிக்கட்டில் ஒரு கையில் கைப்பிடியும் ஒரு கையில் ஸ்கேன் கவருமாக, படிக்கு ஒரு தரம் நின்று நின்று இறங்கிய அம்மாவைப் பார்த்தேன். கீழே மகன் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து ரூபாய் ரயில் டிக்கெட்டில் முடியும் பயணத்துக்கு ஆட்டோ கேட்பது அதைப் போல் பல மடங்கு. இப்படித்தான் போக, வர, அடுத்த வாரம் மறுபடியும். அந்தப் பதினான்கு மாதமும் சிந்தாதிரிப்பேட்டை நிலைய வாசலிலிருந்து ஜி.எச். வழியாகப் பாரிமுனைக்கு, ஒவ்வொரு ரயில் வரும் நேரத்துக்கும் ஒரு சிற்றுந்து நின்றிருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டையே காட்டி ஏறும்படி. ஒரு லைன் போடுவதற்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை.

எழும்பூர் வேலைக்காக 2025-ல் சில விரைவு ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள், அங்கிருந்தே புறப்படவும் வைத்தார்கள். புரிகிறது, நடைமேடையை இடித்தால் வண்டியை வேறு எங்காவதுதான் நிறுத்த முடியும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு குழந்தைகளோடும் ஒரு மூட்டை அரிசியோடும் ஊரிலிருந்து வந்து இறங்கும் குடும்பத்துக்கு எழும்பூரும் தாம்பரமும் ஒன்றா? தாம்பரத்துக்கு மெட்ரோ கிடையாது. பெரம்பூரிலோ அண்ணா நகரிலோ வீடு என்றால் ஆட்டோ செலவு ரயில் கட்டணத்தையே தாண்டிவிடும். வண்டி வரும் நேரத்தைப் பார்த்து நாலு பேருந்துகளை நிலைய வாசலிலேயே நிறுத்தினால் போதும்.

கிளாம்பாக்கம் கதை கொஞ்சம் வேறு. அங்கே பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே வர வேண்டிய ரயில் நிலையம் அப்போது இல்லை. ரயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, ஏறத்தான் முடியவில்லை. ஓடுகிற லைனில் நிலையம் கட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். வண்டி இல்லாத இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை அது. அப்படியானால் எதை முதலில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது யாருக்கும் புரியும்.

வெளிநாட்டைக் காட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் வேலைக்காக லைனை மூடினால் மாற்றுப் பேருந்து ஓடும், ரயில் டிக்கெட்டை வைத்தே அதில் ஏறலாம். இங்கே அது முடியாது என்று இனிமேல் சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். செயலியில் முடிவது, லைனை மூடும் நாட்களில் சீசன் டிக்கெட்டுக்கு ஏன் முடியாது? ரயில் ஓடாத நாட்களை சீசனின் கடைசியில் சேர்த்துத் தரவும் வேண்டும். தேதி தள்ளிப்போனால் தள்ளட்டும், ஆனால் ஏன் தள்ளுகிறது என்று இரண்டு வரி தமிழில் நிலையத்தில் ஒட்ட வேண்டும். 'தொழில்நுட்பக் காரணம்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் வேலைக்குப் போகும் வழியைத் திட்டமிட முடியாது.

ரயில்வேயில் கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அடுத்த பெரிய லைன் பிளாக் (வேலைக்காகப் பாதையை மூடுவது) அறிவிக்கும் முன் அதன் மாற்றுப் பேருந்துத் திட்டத்தை அந்தக் குழுவின் முன் வைக்கச் சொல்லி மனு எழுதுகிறேன். எந்த நிலையம், எந்த நேரம், எங்கே போக வேண்டும், கூடுதலாக எவ்வளவு செலவானது என்று கமெண்டில் எழுதுங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன். குறிப்பாக ஜி.எச். போய் வந்தவர்கள் எழுதுங்கள்.