சமூக உளவியல் ஈஸி பேப்பரா?

இளங்கலை உளவியல் மாணவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. புள்ளியியல் கஷ்டம், நரம்பியல் பக்கம் போனால் தலை சுற்றும், சுற்றியிருப்பவர்களும் சூழலும் நம் நடத்தையை எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்க்கும் சமூக உளவியல் மட்டும் ஈஸி, கதை மாதிரி படித்துவிட்டுப் போய் எழுதிவிடலாம் என்று. சீனியர் ஜூனியருக்குச் சொல்லி, அந்த ஜூனியர் சீனியரானதும் அடுத்து வருபவருக்குச் சொல்லி, அது வேதவாக்காகவே ஆகிவிட்டது. பாஸாவதற்கு ஈஸி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை ஈஸியாக்கி வைத்திருப்பது நாம் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் லட்சணம்தான் என்பது என் கட்சி.

ஒவ்வொரு சோதனைக்கும் அதைச் செய்தவர் பெயர், ஒரு வருடம், ஒரு வரி முடிவு. ஆஷ் என்றால் கூட்டத்தோடு ஒத்துப்போவது. மில்கிராம் என்றால் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது. டார்லி, லதானே என்றால் கூட்டம் கூடினால் யாரும் உதவ மாட்டார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு இது தாராளம். பெரிய கேள்வி வந்தால் அதையே இழுத்து எழுத வேண்டியதுதான். மூன்றையும் சேர்த்துப் படித்த மாணவர், மனிதர்கள் மொத்தமும் ஒரு செம்மறியாட்டு மந்தை என்ற முடிவோடு செமஸ்டரை முடிக்கிறார். மூலக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஆஷை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கம். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். இரண்டு அட்டைகள், ஒன்றில் ஒரே ஒரு கோடு, மற்றொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது அந்த ஒற்றைக் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் சோதனையாளரின் ஆட்கள். அந்த ஒருவருக்கு இடம் வரிசையின் கடைசிப் பக்கத்தில். தன் முறை வருவதற்குள், முன்னால் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தப்பான கோட்டைச் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். 18 சுற்றில் 12 சுற்று இப்படி. அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களில் ஏறக்குறைய 37 சதவீதம் கூட்டத்தோடு சேர்ந்த தப்பான பதில்கள்.

37ஐ எல்லா மாணவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மீதி 63ஐப் பற்றி யாரும் கேட்பதில்லை. கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட வளைந்துகொடுக்கவில்லை. அப்புறம், கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தபோது தப்பான பதில்கள் முன்பிருந்ததில் கால்வாசியாகச் சரிந்தன. எனக்கு அந்தச் சோதனையிலேயே பிடித்த இடம் இதுதான். தேர்வில் இது வந்து நான் பார்த்ததில்லை.

மில்கிராம் கதை இன்னும் மோசம். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வோல்ட் வரை 30 விசைகள். அடுத்த அறையில் இருப்பவருக்கு ஷாக் அடிக்கிறது என்று நம்பவைத்து, அவர் சொல்லும் தப்பான பதிலுக்கு ஒவ்வொரு விசையாக ஏற்றச் சொல்கிறார்கள். 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். 65 சதவீதம். இத்தோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அவர் செய்தது ஒரு சோதனை இல்லை, இருபதுக்கும் மேல். சோதனையாளர் அறையை விட்டுப் போய் போனில் உத்தரவு கொடுத்தபோது ஐந்தில் ஒருவர்தான் கடைசி வரை போனார். இரண்டு சோதனையாளர்களை உட்காரவைத்து, ஒருவர் 'தொடருங்கள்' என்றும் இன்னொருவர் 'நிறுத்துங்கள்' என்றும் சொன்னபோது கடைசி வரை போனவர் ஒருவர்கூட இல்லை. மனிதர் அதே மனிதர்தான். மாறியது சூழல். சமூக உளவியல் என்ற துறையின் உயிரே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. நாம் 65ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷாக் கொடுப்பவர் தயங்கினால் சொல்வதற்கென்று நான்கு வாக்கியங்கள் எழுதிவைத்திருந்தார்கள். முதலாவது தயவாகக் கேட்பது. இரண்டாவது, சோதனைக்கு இது தேவை என்பது. மூன்றாவது, தொடர்வது மிக மிக அவசியம் என்பது. நான்காவதுதான் நேரடி உத்தரவு: 'உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.' 2009இல் வெளியான ஆய்வில் பர்கர் என்பவர் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு இதை மறுபடி செய்து பார்த்தார். நான்காவது வாக்கியம் வரை போக வேண்டியிருந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டுவிட்டுத் தொடரவில்லை! அறிவியலுக்காக என்றபோது ஒத்துழைத்தவர்கள் உண்டு. வேறு வழியில்லை என்ற கட்டளைக்கு மட்டும் ஒருவரும் மசியவில்லை. 'கீழ்ப்படிதல்' என்ற தலைப்பில் நடத்தும் பாடத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? போதாக்குறைக்கு, யேலில் பாதுகாக்கப்படும் ஒலிநாடாக்களைக் கேட்டவர்கள், சோதனையாளர் அந்த நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் தன்பாட்டுக்கு வாதாடியிருப்பதையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கிட்டி ஜெனோவீஸ் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1964, நியூயார்க். ஒரு பெண் கொல்லப்படுவதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று பத்திரிகையில் வந்த கதை. 2007இல் மூன்று உளவியலாளர்கள் வழக்கு ஆவணங்களைப் புரட்டி, அப்படி 38 பேர் நின்று பார்த்ததற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். அதற்கப்புறமும் அந்த 38 பல வகுப்புகளில் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அதற்காக, இந்த விவகாரத்துக்குப் பிறகு டார்லியும் லதானேயும் செய்த 1968 சோதனை பொய்யாகிவிடவில்லை. ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஸ்பீக்கரில் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்து போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். பிற்பாடு மூன்று நாட்டு நகரங்களின் கண்காணிப்பு கேமரா பதிவுகளில் 219 தெருச்சண்டைகளை எடுத்துப் பார்த்ததில், பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது உதவத் தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடியது. ஒரு தனி ஆள் எழுந்து வரும் வாய்ப்பு வேறு, விழுந்து கிடப்பவருக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பு வேறு. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு மணி நேர வகுப்பு எடுக்கலாம்.

இந்தப் பாடத்தைப் படிப்பது பற்றியே ஆய்வுகள் உண்டு, அதுதான் வேடிக்கை. 1975இல் வெளியான ஆய்வில் நிஸ்பெட், போர்கிடா என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இந்த வலிப்புச் சோதனையின் முடிவைச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் உடனே உதவவில்லை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிறகு அதில் கலந்துகொண்டவர்கள் என்று சொல்லி இருவரின் வீடியோ பேட்டியைக் காட்டி, இவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார்கள். உடனே ஓடிப்போய் உதவியிருப்பார்கள் என்றே மாணவர்கள் ஊகித்தார்கள். முடிவு தெரியாதவர்கள் சொன்னதும் அதையேதான். புள்ளிவிவரம் மண்டைக்குள் ஒரு மூலையில் இருந்தது, அவ்வளவுதான். மாறாக, இந்த இருவரும் உதவவில்லை என்று மட்டும் சொன்னபோது, மற்றவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று சரியாகவே கணித்தார்கள். ஆளைக் காட்டினால்தான் நமக்கு உறைக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பாடம் நடத்துவதே வீண் என்று சொல்லவும் முடியாது. 1978இல் வந்த ஓர் ஆய்வில், உதவாமல் நிற்பது பற்றிய பாடத்தைக் கேட்ட மாணவர்களை இரண்டு வாரம் கழித்து, வகுப்போடு தொடர்பே இல்லாததுபோன்ற ஓர் இடத்தில் ஒரு சம்பவத்தைக் கடக்க வைத்தார்கள். பாடம் கேட்டவர்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், கேட்காதவர்களில் 25. ஒரே ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் எந்த விதமான பாடம் ஆளை அசைக்கிறது என்று ஆசிரியர்கள் யோசிக்க இது போதும்.

2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் தேறியது, சமூக உளவியலில் நான்கில் ஒன்றுதான் என்று வந்ததல்லவா, அதைக் கடைசி யூனிட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் ஓடிவிட மாட்டார்கள்.

சிலபஸ் என் கையில் இருந்தால் பாதிச் சோதனைகளை வெட்டிவிட்டு, மிச்சத்தின் மூலக் கட்டுரையில் செய்முறைப் பகுதியை வரிவரியாக வாசிக்க வைப்பேன். அசைன்மென்ட் என்ற பெயரில் கூகுள் ஃபார்ம் தயாரித்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க' என்று கெஞ்சி வாங்கிய பதில்களில் தொடர்பெண் (இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) கணக்கிட்டு எழுதும் அறிக்கைக்குத் தடை போடுவேன். ஆட்கள் நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அதே மில்கிராம் வேறு இருவரோடு சேர்ந்து செலவில்லாமல் ஒன்று செய்தார், 1969இல் வெளியானது. நியூயார்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி, ஓர் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் பார்த்தபோது, போகிறவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம். நடந்துகொண்டே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தவர்கள் தனிக் கணக்கு.

நான்கு நண்பர்களும் ஒரு நோட்டும் இருந்தால் இதை எந்தக் கல்லூரி வளாகத்திலும் ஒரு பிற்பகலில் செய்யலாம். முதலில் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், யாரையும் படம் பிடிக்காதீர்கள். எண்ணுவதற்கு முன்பே 'நின்றார்' என்றால் எத்தனை நொடி என்று முடிவு செய்துகொள்ளுங்கள்; அந்த வாக்குவாதத்திலேயே பாதி நேரம் போய்விடும், போகட்டும்.