ஊட்டி ரயிலுக்கு எத்தனை ஆண்டுகள்?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் நான்கைந்து பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த கேள்வி, நீலகிரி மலை ரயிலை யுனெஸ்கோ எந்த ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்பது. அம்மாவின் செல்போனில் தேடி 1999 என்று எழுதியிருந்தாள். கூட வந்த பையன் 1908 என்று எழுதியிருந்தான்.

இருவருமே இல்லாததை எழுதிவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். அது உதகைக்கு வந்து சேர்ந்தது 1908-இல். யுனெஸ்கோ பட்டியலில் 1999-இல் முதலில் இடம்பெற்றது டார்ஜிலிங் ரயில். அதே பதிவில் 2005-இல் நம்முடையதும் 2008-இல் கல்கா–சிம்லா ரயிலும் சேர்க்கப்பட்டன. ஒரே பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் கிடக்கும்போது எது எதற்குரியது என்று பிரித்தறிவதுதான் படிப்பு. "மேலேயே இருந்துச்சு சார், அதான் எழுதினேன்" என்றாள். மேலே வருவதுதான் சரியான விடை என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரியாக இருக்கவேண்டியதில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பனிமூட்டத்தில் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று பிள்ளைகள் சிக்னல் தேடியதை மறக்க முடியாது. இலை பறிக்கப் போகும் அம்மாவோடு காலையில் போகும் போன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும் என்பது இன்றும் பல வீடுகளில் உண்மை. ஆகவே கருவியும் சிக்னலும் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை அன்று கேலி செய்தவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் கருவி கைக்கு வந்ததுமே வசதி உள்ள பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் இடையிலான இடைவெளி அடைபட்டுவிட்டது என்று கணக்கை முடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் லூவின் குழு, வசதியான ஊர், வசதி குறைந்த ஊர் ஆகிய இரண்டின் ஏழாம் வகுப்பு மாணவர்களை ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அச்சில் படிப்பதில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்த பின்னும், இணையத்தில் தேடிப் படித்து எடைபோடுவதில் தனியே ஓர் ஏற்றத்தாழ்வு எஞ்சியது. நம் கதை இன்னும் ஒருபடி பின்னால் இருக்கிறது. பதினைந்து வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2009-ஆம் ஆண்டு நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றுக் கடைசி வரிசையில் நின்றன. அதுவும் அச்சுத்தாளில் படிக்கும் தேர்வு. திரையில் படிப்பதற்கென 19 நாடுகளில் நடந்த தனித் தேர்வில் நாம் இல்லவே இல்லை.

இணையத்தில் தேடிப் படித்து எடைபோடக் கற்றுத்தருவதைக் கணினி ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமாகாது. உரைப்பகுதியைப் படித்து விடையளிக்கும் பயிற்சி தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் இரண்டு முறை அந்தப் பயிற்சியைப் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் வைத்து, ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு பக்கங்களைத் திறந்து, எழுதியது யார், எப்போது, எது எதைப் பற்றியது என்று கேட்டாலே போதும். அன்று திண்ணையில் நாங்கள் செய்தது அவ்வளவுதான். 2005-ஐக் கண்டுபிடிக்க அவளுக்கு இருபது நிமிடம் ஆனது; அதில் ஏழெட்டு நிமிடம் சிக்னலுக்குப் போனது.