அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெற்றி திருடப்பட்டதா?

“2021 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லிதான் ஜெயித்தார், விடிவதற்குள் வாக்குகளைத் திணித்துவிட்டார்கள்” என்ற செய்தி பழமைவாதிகளான நம்மிடையே சுற்றுகிறது. இது பொய்.

அன்றிரவு அவர் முன்னிலை வகித்தது உண்மை. ஆனால் தபால் வாக்குகள் பல மாவட்டங்களில் பிறகே சேர்ந்தன. ஒவ்வோர் உறையின் கையொப்பத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்ட பின்பே வாக்கு எண்ணிக்கைக்குப் போகும். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்றவை சில நாள் தாமதமாக வந்தாலும் செல்லும். இதுதான் மாநிலச் சட்டம். தபாலில் வாக்களிப்போரில் ஜனநாயகக் கட்சியினரே அதிகம் என்பதால் முன்னிலை அக்கட்சியின் ஆளுநர் பில் மர்ஃபிக்கு மாறியது. நவம்பர் 12 அன்று சியாட்டரெல்லியே தோல்வியை ஒப்புக்கொண்டார்; மறு எண்ணிக்கை கேட்க அடிப்படை இல்லை என்றும் சொன்னார்.

உண்மையில் கொண்டாட வேண்டியதை இந்தப் பொய் மறைக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. 2017இல் சுமார் 14 சதவீதப் புள்ளிகளில் வென்ற பில் மர்ஃபியை வெறும் மூன்று புள்ளிக்கு இறக்கியது சொத்து வரிச் சுமையைப் பேசிய பிரசாரம். அதே நாளில் நடந்த மாநில செனட் (சட்டமன்ற மேலவை) தேர்தலில்தான் அதன் தலைவரான ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவ் ஸ்வீனியை, நம் கட்சியின் லாரி ஓட்டுநர் எட்வர்ட் டர் வீழ்த்தினார். தபால் வாக்குகள் எல்லாம் எண்ணப்படட்டும் என்று ஸ்வீனியும் காத்திருந்தார்; எண்ணிய பிறகும் டரே வென்றார்.