ஒன்பதை விட்டு இறங்காத ட்ரம்மர்

ஜாஸில் துருக்கித் தாளம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அமெரிக்கப் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கிடம் போய் நிற்கிறார்கள். 1958ல் இஸ்தான்புல் தெருவில் சிலர் 2+2+2+3 என்று ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் வாசிப்பதைக் கேட்டார், அடுத்த வருடமே 'ப்ளூ ரோண்டோ அ லா துர்க்' வந்துவிட்டது. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சாக்ஸபோன் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் தாளம் நைசாக நான்குக்கு நழுவிவிடும். ஒன்பது அங்கே வாசல் கோலம். வீட்டுக்குள் வராது.

வீட்டுக்குள்ளேயே குடிவைத்தவர் துருக்கி ட்ரம்மர் ஒகாய் தெமிஸ். 1939ல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். (ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ஓகே' என்றுதான் படிக்கத் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் படித்தேன்.) 1960களின் பிற்பாதியில் ஸ்வீடன் போனார். ஸ்டாக்ஹோமில் ஏற்கெனவே மாஃபி ஃபலாய் என்ற துருக்கி ட்ரம்பெட்காரர் இருந்தார். அமெரிக்க ட்ரம்பெட்காரர் டான் செர்ரியும் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தார். 1969 நவம்பரில் தெமிஸ் செர்ரியோடு துருக்கித் தலைநகர் அங்காராவுக்கு வந்து, அமெரிக்கத் தூதரகத்தில் வாசித்தார். நிகழ்ச்சியில் துருக்கி நாட்டுப்புற மெட்டுகளும் இருந்தன. சொந்த ஊர்ப் பாட்டை ஒரு அமெரிக்கரோடு, அமெரிக்கத் தூதரகத்தில் உட்கார்ந்து வாசிப்பது! எனக்கு இது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேறிய பேஸ்காரர் ஜானி டியானி, ட்ரம்பெட்காரர் மொங்கேசி ஃபெஸா. இவர்கள் இருவரும் தெமிஸும் 1972ல் ஸ்டாக்ஹோமில் பதிவு செய்த 'மியூசிக் ஃபார் ஸாபா'வைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெரும்பாலும் ட்ரம்பெட், பேஸ், தாளம்தான். அதனால் ட்ரம்ஸுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. தெமிஸ் அதைச் சத்தத்தால் நிரப்பாமல் விதவிதமான ஒலிகளால் நிரப்புகிறார்.

அந்த ஒலி கடையில் வாங்கியது இல்லை. செம்புத் தகட்டை அடித்துத் தன் ட்ரம்களைத் தானே செய்துகொண்டவர் அவர். துருக்கிக் கடைத்தெருவில் பாத்திரக்காரர்கள் சுத்தியலால் தட்டிச் செய்கிற அதே செம்பு. அமெரிக்க ட்ரம் செட்டில் துருக்கித் தாளம் வாசித்தால் அது அமெரிக்கக் குரலில்தான் பேசும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம், அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேசிலின் பெரிம்பாவையும் சேர்த்துக்கொண்டார். ஒற்றைக் கம்பி கட்டிய வில் அது.

1974ல் 'ஓரியண்டல் விண்ட்' என்று சொந்தக் குழு. லென்னார்ட் ஓபெரி போன்ற ஸ்வீடன் ஜாஸ்காரர்கள் அதில் வாசித்தார்கள். 'ஃப்யூஷன்' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. ஃப்யூஷன் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே தெமிஸ் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏழிலும் ஒன்பதிலும் தனியாக வாசிக்கும் வேலை ஸ்வீடன்காரர்கள் தலையில்தான் விழுந்தது.

இந்த வகைத் தாளத்துக்குத் துருக்கிக்காரர்கள் வைத்த பெயர் 'அக்சாக்', அதாவது நொண்டி. நம் கர்நாடக சங்கீதத்திலும் ஒன்பது உண்டு, சங்கீர்ணம். தகதிமி தகதகிட என்று நான்கும் ஐந்துமாகச் சொல்வோம். அவர்களுடையது தக தக தக தகிட. கூட்டினால் ரெண்டும் ஒன்பதுதான், உடம்பில் படுவதுதான் வேறு. நம்முடையதை நான் விரலில் எண்ணுகிறேன். அவர்களுடையது ஆடுகிறவர் காலுக்குப் போட்டது. மூன்று சீரான அடி, நாலாவது மட்டும் கொஞ்சம் இழுத்து வைக்கிற அடி.

1990களில் இஸ்தான்புல் திரும்பித் தாளப் பட்டறை நடத்தினார். அமெரிக்க ஜாஸின் பெரிய பட்டியல்களில் பெயர் மேலே வராததற்கு அவர் நியூயார்க்கில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேட்க நினைப்பவர்கள் 'ஸாபா'வில் தொடங்குங்கள். முதல் தடவை கையில் தாளம் போட வேண்டாம். நான் போட்டேன், இரண்டே நிமிடத்தில் விட்டுவிட்டேன்.