மூக்கு துடைக்கிற வேலைதானே?

"பால்வாடியில பிள்ளைங்க மூக்கத் தொடைக்கவா இவள பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சேன்?"

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா என்னிடம் கேட்டார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். என்ன ஆகப் போகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னதற்கு, அவர் மகள் "அங்கன்வாடி டீச்சர்" என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல நர்ஸ், போலீஸ், கலெக்டர்.

அந்தப் பெண்ணுக்கு இந்த ஆசை வந்ததற்கு நானும் ஒரு காரணம். எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டியே ஒரு அங்கன்வாடி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது ஐந்தாறு பெண்களைக் காலையில் அங்கே அனுப்பினோம். முதல் நாளே இவள், ஓயாமல் அழுத மூன்று வயதுப் பையனை மடியில் உட்கார வைத்து, கை நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லியிருக்கிறாள். அழுகை நின்றுவிட்டது. இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்த டீச்சர் போட்டது போட்டபடி ஓடிவந்து கொட்டையைப் பிடுங்கினார். "இந்த வயசுல இத குடுத்தா மொதல்ல மூக்குக்குள்ளதான்மா போகும்." அப்புறம் அதே பையனிடம் ஒரு காலி டப்பாவும் நாலு பெரிய மூடியும் கொடுத்தார். போட்டான், கொட்டினான், மறுபடி போட்டான். அரை மணி நேரம் சத்தமே இல்லை.

பிள்ளைகள் மேல் பாசம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் காலை அங்கே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு அரசு கேட்கிற படிப்பே பிளஸ் டூதான். 2025இல் 7,783 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது பணியாளர் பதவிக்கு அதுதான் தகுதி. சரி, பிளஸ் டூவில் அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறோமா? தொழிற்கல்வியில் நர்சிங் எடுத்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகுகிறார்கள். மனையியல் இருக்கிற பள்ளியில் குழந்தை வளர்ச்சி பற்றிக் கொஞ்சம் படிப்பார்கள், அதுவும் மார்க்குக்கு. வாரத்துக்கு ஒரு அரைநாள், வருஷம் முழுக்க, பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்பினால் என்ன? கட்டடம் வேண்டாம், லேப் வேண்டாம். பழக்கிவிடுகிற டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே எடை பார்த்து, உயரம் அளந்து, எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் என்ற அரசு செல்போன் செயலியில் ஏற்றுவதற்குள் அவருக்கு மதியம் ஆகிவிடுகிறது. இதையும் ஓசியில் தலையில் கட்டக் கூடாது.

சின்னக் குழந்தைகள் கையால் செய்து பார்த்துக் கற்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் இத்தாலியிலிருந்து சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயரில் தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், மூன்று வயதுக் குழந்தை கோடு போட்ட நோட்டில் ஏ, பி, சி எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பயிற்சியோடு இது முடியவில்லை. அதே 2025 அறிவிப்பில் பணியாளருக்கு வயது 25 முதல் 35 வரை. பள்ளியை முடிக்கும்போது பெண்ணுக்கு வயது பதினேழோ பதினெட்டோ. நடுவில் ஏழு வருஷம் என்ன செய்வாள்? அதற்குள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போயிருப்பாள். வேலை கிடைத்தாலும் முதல் வருஷம் மாதம் 7,700 ரூபாய். 2022இல் அங்கன்வாடிகளில் நடக்கும் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளுக்குத் தற்காலிகமாக எடுத்த ஆசிரியர்களுக்கு 5,000தான். "கெட்டிக்காரப் பொண்ணு மிஸ், இதுல தள்ளிவிடாதீங்க" என்று சக ஆசிரியை சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. கெட்டிக்காரப் பெண்தான் அங்கே வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு அதை எந்த முகத்தோடு அந்த அப்பாவிடம் சொல்வது?

போன மாதம் அவளை ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தேன். சிறுவர் ஆடைப் பிரிவில் நிற்கிறாள். சட்டையைப் போடமாட்டேன் என்று தரையில் புரண்ட ஒரு வாண்டுவிடம், காலி சட்டைப் பெட்டி ஒன்றையும் மூடியையும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னும் ஆறு வருஷம் இருக்கு மிஸ்" என்றாள்.