வால்டார்ஃப் விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சலாம்

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அன்று இரவே வாட்ஸாப் குழு வழியாகத் தெரிந்திருக்கும். நியூயார்க்கின் பழம்பெரும் ஹோட்டலான வால்டார்ஃப் அஸ்டோரியாவில் ஒரு பகுதியை வீடுகளாக மாற்றி விற்கிறார்கள். அந்தப் புது வீடுகளைச் சுற்றிக் காட்டும் வீடியோவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதை ஹோட்டலாகவே விட்டிருக்கலாம்" என்று நான் ஒரு வரி சொன்னேன். "வாங்க வக்கில்லாதவனுக்கு வயிற்றெரிச்சல்" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்தது என் தப்பு.

சரி, இப்போது சொல்கிறேன். ஹோட்டல் என்பது வந்து போகிறவர்களுக்கான இடம். அதை வீடு வீடாக விற்றால், வந்து போகிறவர்களிடமிருந்து பிடுங்கிச் சிலர் கையில் நிரந்தரமாகக் கொடுக்கிறோம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

1931 அக்டோபர் 1 அன்று, பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, பார்க் அவென்யூவில் திறந்த 47 மாடிக் கட்டடம் அது. மூடும்போது 1,400க்கு மேல் அறைகள் இருந்தன. 2017இல் பூட்டி, எட்டு ஆண்டுகள் வேலை பார்த்து, 2025இல் திறந்தார்கள். இப்போது ஹோட்டலுக்கு இருப்பவை 375 அறைகள். மீதி இடத்தில் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் சொந்த வீடுகள். ஒவ்வொரு இரவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகளில் யார் யாரோ வந்து தங்கிப் போன இடம் அது. அந்த ஆயிரம் அறைகளும் இன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

"இடிக்காமல் காப்பாற்றினார்களே" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். இதே பெயரில் முன்பு வேறிடத்தில் இருந்த பழைய வால்டார்ஃபை 1929இல் இடித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கட்டினார்கள். இந்தக் கட்டடத்துக்கு அந்தக் கதி வரவில்லை. வெளிப்புறத்துக்கு 1993இலும், உள்ளே இருக்கும் கூடங்களுக்கு 2017இலும் நகரம் பாதுகாப்பு கொடுத்தது. 1893 சிகாகோ கண்காட்சிக்குச் செய்து, பிறகு ஹோட்டலுக்குள் வந்து நின்ற அந்தப் பெரிய கடிகாரமும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சுவரைத்தான் காக்கும். உள்ளே யார் இருக்கலாம், எதற்காக இருக்கலாம் என்பதில் அது தலையிடாது. வந்து போகிறவர்களை அது காக்காது.

"முன்னாள் அதிபர் ஹூவர் அங்கேதானே குடியிருந்தார், ஜெனரல் மெக்கார்தர் குடியிருந்தாரே" என்று கேட்பீர்கள். குடியிருந்தார்கள். பக்கத்திலேயே ஆயிரம் அறைகளில் ஊர் பேர் தெரியாதவர்களும் தங்கியிருந்தார்கள். இரண்டும் ஒன்றா?

இதே ஊரில் இருக்கும் பிளாசா ஹோட்டலிலும் இதேதான் நடந்தது. 2005இல் மூடி 2008இல் திறந்தபோது, 800 அறைகள் இருந்த இடத்தில் ஹோட்டலுக்கென்று 282தான் மிஞ்சின. தொழிற்சங்கம் போராடியிருக்காவிட்டால் அதுவும் இன்னும் குறைந்திருக்கும்.

இனி நான் விருந்தில் சொல்லாதது. என் அப்பா திருச்சியில் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ரூம் பாயாகச் சேர்ந்து, சப்ளையராகி, கடைசியில் கவுன்டரில் உட்கார்ந்தவர். 2012இல் இங்கே வந்தபோது சுதந்திர தேவி சிலையைக் காட்டினேன், டைம்ஸ் ஸ்கொயரைக் காட்டினேன். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "இந்த ஊரில் நல்ல ஹோட்டல் எது, அதைக் காட்டு" என்றார். வால்டார்ஃபுக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டி தூக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பித்தளையெல்லாம் தினமும் துடைக்கிறார்கள் தம்பி. இல்லாவிட்டால் இந்த நிறம் நிற்காது" என்றார். அப்புறம், "மொத்தம் எத்தனை பேர் வேலை பார்ப்பார்கள்?" என்று கேட்டார். அன்று எனக்குத் தெரியவில்லை. மூடியபோதுதான் படித்தேன், ஏறத்தாழ 1,500 பேர்.

வேலை போனவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்களே என்று யாரும் கிளம்ப வேண்டாம். கொடுத்தார்கள், தெரியும். சங்கம் இருந்தது, பேசி வாங்கிக் கொடுத்தது. அப்பாவின் லாட்ஜ் மூடியபோது சங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மேல்மாடிகளை வீடுகளாகப் பிரித்து விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அப்பா ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. தான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கிய படியைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

இதற்குப் பெயர் வயிற்றெரிச்சல் என்றால், சரி, வயிற்றெரிச்சல்தான்.

"முதலாளி பணம், முதலாளி இஷ்டம்" என்றும் ஒருவர் சொன்னார். எந்த முதலாளி? 195 கோடி டாலர் கொடுத்து வாங்கியது அன்பாங் என்ற சீனக் காப்பீட்டு நிறுவனம். அதன் தலைவருக்கு 2018இல் மோசடி வழக்கில் 18 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வாங்கியவர் உள்ளே போய்விட்டார். அவர் காலத்தில் மூடிய அறைகள் மூடியவைதான்.

முன்கூடம் இன்றும் திறந்திருக்கிறது, போய் ஒரு காபி குடித்துவிட்டு வா என்று நேற்று ஒரு நண்பர் அன்பாகத்தான் சொன்னார். போகலாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

ஹோட்டல் திறந்த செய்தியை அப்பாவிடம் போனில் சொன்னேன். எத்தனை மாடி, எவ்வளவு செலவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "பழைய ஆட்களைத் திரும்ப எடுத்தார்களா?" என்றுதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தோம். ஒருவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை. சமையல்கட்டின் நீளத்தைத்தான் பேசினார்கள்.

அடுத்த மாத விருந்துக்கு நான் வரவில்லை. குழுவில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.