சம்பந்திக்கு ஒரு சால்வை

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், கிரே ஸ்ட்ரீட். நகராட்சி பெயரை மாற்றிப் பல வருடமாகியும் வாடிக்கையாளர்கள் மாற்றாத தெரு. ஜூன் மாதம். டர்பனில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பது, அவ்வளவுதான். சால்வைக் கடையில் மணி. சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருக்கிறார் பாக்கியம் அக்கா. கையில் கோயில் பை.)

பாக்கியம்: தம்பி, அசல் காஷ்மீர் சால்வை ஒன்று காட்டு. அடுத்த வாரம் ஜோஹன்னஸ்பர்க் போகிறேன்.

மணி: வாங்க அக்கா. அங்கே இப்போது ராத்திரியில் வாளித் தண்ணீர் உறையும். இந்தாங்க, நூற்றுக்கு நூறு காஷ்மீர் ஆட்டு ரோமம். 3,800 ரேண்ட்.

பாக்கியம்: அந்த விலைக்கு ஆட்டையே ஓட்டிக்கொண்டு போகலாமே!

மணி: ஓர் ஆடு போதாதே அக்கா. லடாக்கில் சாங்தாங் என்று ஒரு மேட்டு நிலம். 4,000 மீட்டருக்கும் மேலே. குளிர் மைனஸ் 30 வரை போகும். அதைத் தாங்கத்தான் மேல்முடிக்கு அடியில் ஆட்டுக்கு மெல்லிய உள்ரோமம் வளர்கிறது. வெயில் காலம் நெருங்கும்போது அது தானாக உதிரத் தொடங்கும். அப்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்கு வருடத்தில் 150 கிராம் தேறினால் அதிகம். முரட்டு முடியைப் பிரித்து எறிந்தால் அதிலும் பாதிதான் மிஞ்சும். ஒரு சால்வைக்கு இரண்டு மூன்று ஆடு வேண்டும்.

பாக்கியம்: எங்கள் வீட்டுக்காரர் தலையை வாரினால் ஆயுசுக்கும் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது. சரி, சந்தையில் 150 ரேண்டுக்கு அசல் காஷ்மீர் பஷ்மினா என்று கூவிக் கூவி விற்கிறானே, அது என்ன ஆடு?

மணி: அது ஆடில்லை அக்கா, மரம்.

பாக்கியம்: மரமா?

மணி: மரக்கூழில் செய்கிற விஸ்கோஸ். இல்லாவிட்டால் அக்ரிலிக். அது பெட்ரோல் வம்சம்.

பாக்கியம்: உன்னுடையது எந்த வம்சம் என்று நான் பார்க்க வேண்டாமா? அசல் சால்வை மோதிரத்துக்குள் புகுந்து வெளியே வரும் என்று என் நாத்தனார் சொன்னாள். இரு, கழற்றுகிறேன்.

(இழுக்கிறார். திருகுகிறார். கல்யாணத்தில் போட்ட மோதிரம். விரல் அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது.)

பாக்கியம்: சோப்பு இருக்கிறதா?

மணி: விடுங்க அக்கா. அந்தச் சோதனையே வீண். மெல்லிசாக நெய்தால் விஸ்கோஸும் புகும், பட்டும் புகும். கொஞ்சம் கனமாக நெய்த அசல் காஷ்மீர் புகாமல் மாட்டிக்கொள்ளும்.

பாக்கியம்: அப்படியானால் அக்கினிப் பரீட்சைதான். (கோயில் பையிலிருந்து கற்பூரமும் தீப்பெட்டியும் எடுக்கிறார்.)

மணி: ஐயோ, கடைக்குள் கற்பூரமா! இருங்க. (சால்வையின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, வாசலில் வைத்துத் தீக்குச்சியால் பற்றவைக்கிறார்.) மோந்து பாருங்க.

பாக்கியம்: சீ! முடி கருகிய நாற்றம்.

மணி: அதுதான் வேண்டும். சாம்பலைத் தொட்டால் பொடியாகிவிடும். விஸ்கோஸ் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும். அக்ரிலிக் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும்.

பாக்கியம்: ஆக, இது காஷ்மீர்தான்.

மணி: இல்லை அக்கா, ஏதோ ஒரு முடி என்றுதான் தெரியும். சாதாரணக் கம்பளிக்கும் இதே வாசனைதான்.

பாக்கியம்: என் சவுரிக்கும்?

மணி: சவுரிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். காஷ்மீர் இழையின் தடிமன் சராசரியாக 19 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 19 பங்குக்கு, மேல் போகக் கூடாது. நம் தலைமுடி 70 பக்கம் வரும். கண்ணால் அளக்க முடியாது. அதனால் கழுத்தில் போட்டுப் பாருங்க. குத்தக் கூடாது. கண்ணாடி மாதிரி பளபளத்தால் சந்தேகப்படுங்க, காஷ்மீரின் மினுக்கு அடக்கமானது. உள்ளங்கையால் லேசாகத் தேய்த்துப் பாருங்க. உடனே சுருண்டு சுருண்டு பஞ்சு எழும்பினால் குட்டை இழை போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

பாக்கியம்: அதோ, அங்கே பளபளவென்று ஒன்று தொங்குகிறதே?

மணி: அது மோஹேர். நம்ம நாட்டுச் சரக்கு. அங்கோரா ஆட்டு முடி. உலகத்து மோஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவில்தான். ஈஸ்டர்ன் கேப், கரூ பக்கம். அந்த ஆடு வந்த கதை தெரியுமா? 1838இல் துருக்கியிலிருந்து 12 கிடாவும் 1 பெட்டையும் கப்பலில் வந்தன. தொழில் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று துருக்கிக்காரன் 12 கிடாவுக்கும் காயடித்துத்தான் அனுப்பியிருந்தான்.

பாக்கியம்: கெட்டிக்காரன்.

மணி: ஆனால் பெட்டை ஏறும்போதே சினை. வழியிலேயே ஒரு கிடாக் குட்டி போட்டுவிட்டது.

பாக்கியம்: (சிரிப்பு அடங்க நேரமாகிறது) பன்னிரண்டு ஆண்பிள்ளைகளைக் கண்காணித்தவன் ஒரு பொம்பளையை விட்டுவிட்டான் பார்! சரி, காஷ்மீருக்கு வா. துவைக்கிறது எப்படி? மிஷினில் போட்டு, குழம்புக் கறை போகிற பவுடர் ஒரு கை போட்டால் போதுமா?

மணி: (சால்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்) கொன்றுவிடாதீங்க! அந்தப் பவுடரில் இருக்கிற என்சைம் புரதக் கறையைத் தின்னும். சால்வையே புரதம்தான், அதையும் சேர்த்துத் தின்னும். சுடுதண்ணீரில் போட்டுக் குலுக்கினால் இழையின் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகிவிடும். போகும்போது சால்வை, வரும்போது சமையலறைப் பிடிதுணி.

பாக்கியம்: பின்னே?

மணி: 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு. அமுக்கி அமுக்கி எடுக்கணும். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது.

பாக்கியம்: (முகம் மலர்கிறது) பிழியவே கூடாதா?

மணி: கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுக்கணும். கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினால் இழுத்துக்கொண்டு கோணலாகும். நிழலில் தட்டையாக விரித்துத்தான் காயணும்.

பாக்கியம்: அடடா! அப்புறம்?

மணி: சென்ட்டை நேராக அடிக்கக் கூடாது. வளையல், தாலிக்கொடிக் கொக்கி, எதில் மாட்டினாலும் இழை வந்துவிடும். உரசுகிற இடத்தில் உருண்டை திரளும், நல்ல சால்வையிலும் முதலில் கொஞ்சம் வரும். பிய்த்து எடுக்காமல் அதற்கான சீப்பால் வாரணும்.

பாக்கியம்: தினமுமா?

மணி: எப்போதாவது போதும். ஆனால் பெட்டியில் வைக்கும் முன் கட்டாயம் துவைத்திருக்கணும். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருந்தால் அந்துப்பூச்சிக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. தின்பது பூச்சியில்லை, அதன் புழு. முட்டை இருக்குமோ என்று தோன்றினால் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைக்கலாம்.

பாக்கியம்: மீன் பக்கத்திலா?

மணி: காற்றுப் போகாமல் கட்டினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

பாக்கியம்: கட்டு தம்பி! 3,800தானே? இந்தா.

மணி: (பேரம் இல்லாததால் பயந்து) அக்கா, இவ்வளவு வேலையையும் நீங்கள் செய்வீங்களா?

பாக்கியம்: நான் எதற்குச் செய்ய வேண்டும்? இது ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கிற என் சம்பந்திக்கு. போன தீபாவளிக்கு எனக்கு ஐந்தடிப் பித்தளைக் குத்துவிளக்கு அனுப்பினாள். வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்த்து என் தோள்பட்டை இறங்கிவிட்டது. என் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "விளக்கு பளபளவென்று இருக்கிறதா அண்ணி?" என்று விசாரிப்பு வேறு.

மணி: அப்படியா சங்கதி. பராமரிப்பு முறையை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடவா?

பாக்கியம்: தாராளமாக. ஒன்றையும் விடாதே. ஃப்ரீசர் வரைக்கும் எழுது. தமிழிலேயே எழுது.

மணி: சம்பந்தி அம்மாவுக்குத் தமிழ் படிக்க வருமா?

பாக்கியம்: வராது. நீ எழுது.